ஒரே தெரு, இரண்டு ஆவணங்கள்: விண்டர்லேண்ட் அரங்கும் கிரேட்ஃபுல் டெட் குழுவும்

1978 டிசம்பர் 31. சான் ஃபிரான்சிஸ்கோ நகரின் போஸ்ட் தெருவும் ஸ்டைனர் தெருவும் சந்திக்கும் முனையில் நின்ற விண்டர்லேண்ட் அரங்கின் கடைசி இரவு. அன்று மேடையேறவிருந்த கிரேட்ஃபுல் டெட் குழுவின் ரசிகர்கள் ஒரு பதாகையைத் தொங்கவிட்டிருந்தனர். இந்நகரில் ‘டார்க் ஸ்டார்’ என்ற பாடல் கடைசியாக ஒலித்து 1535 நாள்கள் ஆகிவிட்டன என்பதே அதன் செய்தி. அப்பாடல் முன்பு அங்கே இசைக்கப்பட்ட நாள் 1974 அக்டோபர் 18. எண்ணிப் பார்த்தால் கணக்குச் சரியாக 1535 நாள்களே வருகிறது. அந்த இரவின் மூன்றாம் பகுதியைக் குழுவினர் அப்பாடலுடன்தான் தொடங்கினர்.

அது ரசிகர் ஒருவரின் விளையாட்டுக் குறும்பாகத் தோன்றலாம். ஆனால் வரலாற்று மாணவர்கள் அதை வேறு விதமாகவும் வாசிக்க வேண்டும். ஒரு பாடல் எந்த ஊரில், எந்த அரங்கில், எந்த நாளில் இசைக்கப்பட்டது என்பதை நாள் பிசகாமல் கணக்கு வைத்திருந்த சமூகம் ஒன்று அங்கே உருவாகியிருந்தது. பல்கலைக்கழகமோ அரசோ அப்பணியை ஏவவில்லை. இருபதாம் நூற்றாண்டின் வெகுமக்கள் பண்பாட்டில் இத்துணை நுணுக்கமாகத் தன்னைத் தானே ஆவணப்படுத்திக்கொண்ட சமூகங்கள் மிகச் சில. அந்த ஆவணம் எதைக் காத்தது, அதே தெருவில் நிகழ்ந்த எதை அதனால் கேட்க முடியாமற்போயிற்று என்ற இரு கேள்விகளையும் ஒருசேரக் கேட்டால்தான் விண்டர்லேண்டின் வரலாறு முழுமை பெறும்.

அரங்கின் பிறப்பிலிருந்து தொடங்கலாம். 1928இல் ‘நியூ டிரீம்லேண்ட் ஆடிட்டோரியம்’ என்ற பெயரில் அது திறக்கப்பட்டது. பனிச்சறுக்கு, குத்துச்சண்டை, மல்யுத்தம் ஆகியவற்றுக்கான பெரிய கொட்டகை அது. 1930களின் பிற்பகுதியில்தான் விண்டர்லேண்ட் என்ற பெயர் வந்தது. ‘ஐஸ் ஃபாலீஸ்’ என்ற பனிச்சறுக்குக் காட்சிக் குழு பல ஆண்டுகள் அங்கே நிகழ்ச்சிகளை நடத்திற்று. இசைக்கென்று கட்டப்படாத அவ்விடத்துக்கு ராக் இசை வந்து சேர்ந்தபோது கட்டடத்துக்கு ஏறத்தாழ நாற்பது வயது.

அதைக் கொண்டுவந்தவர் பில் கிரஹாம். பெர்லினில் யூதக் குடும்பத்தில் பிறந்து, நாஜிகளிடமிருந்து தப்பிய சிறுவனாக அமெரிக்கா வந்து சேர்ந்த அவர், 1960களின் நடுவில் ராக் நிகழ்ச்சிகளின் முதன்மை அமைப்பாளராக உயர்ந்தார். அவருடைய தளம் கீரி நெடுஞ்சாலையில் இருந்த ஃபில்மோர் ஆடிட்டோரியம். அங்கே ஆயிரத்துச் சொச்சம் பேருக்கே இடம் உண்டு. கூட்டம் மிகும் நாள்களில் நிகழ்ச்சியை நடந்தே போகக்கூடிய தொலைவில் இருந்த விண்டர்லேண்டுக்கு மாற்றுவது 1966 இலையுதிர்காலத்தில் தொடங்கிற்று. அங்கே ஐயாயிரம் பேருக்கு மேல் கூட முடிந்தது. 1971இல் தம் ஃபில்மோர் அரங்குகளை மூடிய கிரஹாம், அவ்வாண்டிலிருந்து விண்டர்லேண்டை முறையான இசையரங்காகவே நடத்தினார்.

பெயர்கள் வரலாற்றாய்வாளரை ஏமாற்றும் என்பதற்கு இக்கட்டடமே நல்ல சான்று. 1968இல் வெளிவந்த ‘வீல்ஸ் ஆஃப் ஃபயர்’ என்ற க்ரீம் குழுவின் இரட்டை இசைத்தட்டில், மேடைப் பதிவுகள் அடங்கிய இரண்டாம் தட்டு ஃபில்மோர் அரங்கின் பெயரையே தாங்கி வந்தது. உண்மையில் அதில் ஒரே ஒரு பாடல்தான் ஃபில்மோரில் பதிவானது. மற்றவை விண்டர்லேண்டில் பதிவானவை. புகழ்பெற்ற பெயர் புகழற்ற கட்டடத்தை விழுங்கிவிட்டது. உறைமேல் அச்சிட்டதை அப்படியே சான்றாகக் கொள்ளலாகாது என்ற பாடத்தை ஓர் இசைத்தட்டும் கற்பிக்கிறது.

இனி, குழுவைப் பற்றி. 1965இல் சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் உருவான கிரேட்ஃபுல் டெட், 1995இல் அதன் கிதார் கலைஞர் ஜெர்ரி கார்சியா மறையும்வரை இயங்கிற்று. அம்முப்பது ஆண்டுகளில் அக்குழு நிகழ்த்திய கச்சேரிகள் 2,300 அளவில் இருக்கும். அவற்றுள் அறுபது அளவிலானவை விண்டர்லேண்டில் நிகழ்ந்தவை. குழுவின் தனித்தன்மை, ஒரே பாடலை இரண்டு இரவுகளில் ஒரே விதமாக இசைக்காமையில் இருந்தது. பாடல் வரிசை நாளுக்கு நாள் மாறும். ஒரு பாடல் இன்னொன்றுக்குள் இடைவெளியின்றிக் கரையும். மூன்று நிமிடப் பாடல் சில இரவுகளில் அரைமணி நேரப் பயணமாக நீளும். எனவே ஒவ்வோர் இரவும் தனிப் பிரதியாயிற்று. தனிப் பிரதி என்று ஆனதும் அதைப் பதிவு செய்யவும், பிற பிரதிகளோடு ஒப்பிடவும், பாடபேதம் குறிக்கவும் ஆர்வம் பிறப்பது இயல்பு. ஓலைச்சுவடிப் பதிப்பு மரபை அறிந்தவர்களுக்கு இது புதியதன்று.

விண்டர்லேண்டில் அக்குழுவின் கச்சேரிப் பட்டியலைக் கால வரிசையில் பார்த்தால் ஒரு வளர்ச்சி தெரிகிறது. 1967இல் அங்கே அது பல குழுக்களுள் ஒன்று. அவ்வாண்டு மார்ச் மாதத்தில் சக் பெர்ரியுடன் ஒரே மேடை நிகழ்ச்சியில் இடம்பெற்றது. 1970களில் நிலைமை மாறிற்று. ஓரிரவு நிகழ்ச்சிகள் தொடர்நிகழ்ச்சிகளாயின. 1973 நவம்பரில் மூன்று இரவுகள், 1974 அக்டோபரில் ஐந்து இரவுகள், 1977 ஜூனில் மூன்று இரவுகள், 1978 அக்டோபரில் எகிப்துப் பயணத்திலிருந்து திரும்பியபின் ஐந்து இரவுகள் என வரிசை நீண்டது. பல புத்தாண்டு இரவுகளும் அங்கேயே கழிந்தன. விருந்தாளியாக நுழைந்த குழு வீட்டுக்காரர்போல் ஆயிற்று என்று இதைச் சுருக்கிச் சொல்லலாம்.

இவற்றுள் 1974 அக்டோபர் 16 முதல் 20 வரையிலான ஐந்து இரவுகள் தனித்து நோக்கத்தக்கவை. அவ்வாண்டு மார்ச்சில் குழு ஒரு மாபெரும் ஒலியமைப்பை அறிமுகப்படுத்தியிருந்தது. ‘ஒலிச்சுவர்’ என்று பொருள்படும் பெயர் கொண்ட அதன் எடை ஏறத்தாழ 75 டன். நூற்றுக்கணக்கான ஒலிபெருக்கிகள் கலைஞர்களுக்குப் பின்னால் சுவர்போல் அடுக்கப்பட்டன. வழக்கமான மேடைகளில் கலைஞர்கள் ஒரு ஒலியையும் பார்வையாளர்கள் வேறோர் ஒலியையும் கேட்பார்கள். இங்கே இருதரப்பினரும் கேட்டது ஒன்றே. பின்னாலிருந்து வரும் ஒலி மீண்டும் ஒலிவாங்கிக்குள் புகுந்து வீறிடாமலிருக்க, ஒவ்வொரு பாடகருக்கும் இரண்டு ஒலிவாங்கிகள் எதிரெதிர் மின்நிலையில் இணைக்கப்பட்டன. இரண்டிலும் பொதுவாக விழும் பின்னணி ஒலி தன்னைத் தானே அழித்துக்கொள்ளும். ஒன்றில் மட்டும் விழும் பாடகரின் குரல் எஞ்சும்.

பொறியியல் நோக்கில் இது ஒரு சாதனை. கணக்குப்புத்தக நோக்கிலோ பெருஞ்சுமை. அதைச் சுமந்து செல்லப் பல சுமையுந்துகளும் பெரிய பணியாளர் படையும் தேவைப்பட்டன. களைப்பும் செலவும் சேர்ந்து குழுவைப் பயணங்களை நிறுத்தும் முடிவுக்குத் தள்ளின. எனவே அந்த ஐந்து இரவுகளும் விடைபெறும் நிகழ்ச்சிகளாகவே கருதப்பட்டன. ஐந்தாம் இரவின் நுழைவுச்சீட்டில் ‘இதுவே கடைசி’ என்ற பொருளில் முத்திரை பதிக்கப்பட்டது. 1971இல் விலகியிருந்த தாள இசைக்கலைஞர் மிக்கி ஹார்ட் அன்றிரவு மீண்டும் மேடையேறினார். பிற்காலத்தில் விக்கு விநாயக்ராம், ஜாகிர் உசேன் ஆகியோருடன் ‘பிளானட் டிரம்’ இசைத்தட்டை உருவாக்கியவர் இவரே. அந்த ஐந்து இரவுகளும் படம்பிடிக்கப்பட்டு, கார்சியாவின் மேற்பார்வையில் தொகுக்கப்பட்டு, 1977இல் திரைப்படமாக வெளிவந்தன. மேடையோடு நின்றுவிடாமல் பார்வையாளர்களையும் பணியாளர்களையும் அப்படம் பதிவு செய்தது. இடிக்கப்பட்ட ஒரு கட்டடத்தின் உள்வாழ்க்கையை அறிய இன்று நமக்கிருக்கும் சிறந்த சான்றுகளுள் அதுவும் ஒன்று. ‘கடைசி’ என்ற முத்திரை பொய்த்தது. 1976 ஜூனில் குழு மீண்டும் பயணங்களைத் தொடங்கிற்று.

கட்டடம் மட்டும் இளமைக்குத் திரும்பவில்லை. 1976 நவம்பர் 25 அன்று ‘தி பேண்ட்’ குழு தன் விடைபெறும் நிகழ்ச்சியை அங்கே நடத்தியது. ஏறத்தாழ ஐயாயிரம் பேருக்கு நன்றியறிதல் நாள் விருந்து படைக்கப்பட்டது. மார்ட்டின் ஸ்கார்செஸி அதை ‘தி லாஸ்ட் வால்ட்ஸ்’ என்ற படமாக்கினார். அப்படத்தில் மேடைக்குப் பின்னே தெரியும் செழிப்பான அலங்காரம் அரங்கத்துக்கு உரியதன்று. சான் ஃபிரான்சிஸ்கோ ஓபராவின் ‘லா டிராவியாட்டா’ அரங்கேற்றத்திலிருந்து இரவல் வாங்கப்பட்டது. திரையில் நாம் காணும் அரண்மனைக்குப் பின்னே முதுமை எய்திய பனிச்சறுக்குக் கொட்டகை மறைந்திருந்தது.

அம்முதுமையே முடிவுக்கும் காரணமாயிற்று. பழுதுபார்க்கும் செலவு கட்டுப்படியாகாத அளவுக்கு உயர்ந்தது. ராக் இசையின் பொருளாதாரமும் ஐயாயிரம் பேர் கொள்ளும் அரங்குகளை விட்டு விலகி, பதினாயிரக்கணக்கானோர் கூடும் விளையாட்டரங்குகளை நோக்கி நகர்ந்திருந்தது. 1973 முதல் ஓக்லண்ட் விளையாட்டுத் திடலில் பகல்நேரப் பெருநிகழ்ச்சிகளை நடத்திவந்தவரும் அதே கிரஹாம்தான். இறுதியில் 1978இன் கடைசி இரவில் ‘புளூஸ் பிரதர்ஸ்’, ‘நியூ ரைடர்ஸ் ஆஃப் த பர்ப்பிள் சேஜ்’ ஆகியோருடன் கிரேட்ஃபுல் டெட் மேடையேறிற்று. உள்ளூர்த் தொலைக்காட்சியும் வானொலியும் அதை நேரலையாக ஒலிபரப்பின. நிகழ்ச்சி விடியும்வரை நீடித்தது. கலைந்து செல்லுமுன் மக்களுக்குக் காலையுணவு வழங்கப்பட்டது. 1985இல் கட்டடம் இடிக்கப்பட்டது. அவ்விடத்தில் இன்று நிற்பது அடுக்குமாடிக் குடியிருப்பு.

கட்டடம் அழிந்தது, ஒலி எஞ்சியது. ரசிகர்கள் பதிவுக் கருவிகளுடன் அரங்கிற்குள் வருவதைக் குழு பெரும்பாலும் தடுக்கவில்லை. 1984இல் அவர்களுக்கென்று தனி இருக்கைப் பகுதியே ஒதுக்கியது. ஒலிநாடாக்கள் காசுக்கு விற்கப்படாமல் கைமாறின. 1987இல் எல்லாக் கச்சேரிகளின் பாடல் வரிசைகளையும் திரட்டிய ‘டெட்பேஸ்’ என்ற தொகுப்பு வெளிவந்தது. 2008இல் குழுவின் ஆவணங்கள் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சாண்டா குரூஸ் வளாகத்துக்கு வழங்கப்பட்டன. இன்று ஓர் ஆய்வு மாணவர், 1973 நவம்பர் 10 இரவு விண்டர்லேண்டில் என்ன இசைக்கப்பட்டது என்பதைத் தம் அறையிலிருந்தபடியே கேட்கலாம்.

இந்த வளத்தைக் கண்டு வியப்பவர்கள் அதே முகவரியைச் சுற்றிய இன்னொரு வரலாற்றையும் திறந்து பார்க்க வேண்டும்.

விண்டர்லேண்ட் நின்ற பகுதி வெஸ்டர்ன் அடிஷன் எனப்படும். அதன் நடுநாடி ஃபில்மோர் தெரு. அப்பகுதியில் வாழ்ந்த ஜப்பானிய அமெரிக்கர்கள் 1942இல் குடியரசுத் தலைவரின் ஆணைப்படி வெளியேற்றப்பட்டு முகாம்களில் அடைக்கப்பட்டனர். காலியான வீடுகளில் போர்க்காலக் கப்பல் கட்டும் தளங்களுக்கு வேலை தேடித் தெற்கு மாநிலங்களிலிருந்து வந்த கறுப்பினத்தவர் குடியேறினர். 1940இல் ஐயாயிரத்துக்கும் குறைவாக இருந்த நகரின் கறுப்பின மக்கள்தொகை 1950இல் நாற்பத்து மூவாயிரத்தைத் தாண்டிற்று. தெருவெங்கும் ஜாஸ் விடுதிகள் முளைத்தன. ‘மேற்கின் ஹார்லெம்’ என்று அப்பகுதி பெயர் பெற்றது. விண்டர்லேண்ட் நின்ற அதே போஸ்ட் தெருவில் 1950 முதல் 1965 வரை ‘பாப் சிட்டி’ என்ற விடுதி இயங்கிற்று. ஊரின் மற்ற விடுதிகள் அடைத்தபின் ஜாஸ் மேதைகள் வந்து விடியும்வரை இசைத்த இடம் அது.

பின்னர் வந்தது நகரச் சீரமைப்பு. அப்பகுதியைச் ‘சீரழிந்தது’ என்று அரசு வகைப்படுத்தியது. 1950களிலிருந்து மறுவளர்ச்சி முகமை வட்டாரம் வட்டாரமாக வீடுகளை வாங்கி இடித்தது. கீரி தெரு அகலமான விரைவுச்சாலையாக்கப்பட்டுக் குடியிருப்பை இரண்டாகப் பிளந்தது. போஸ்ட் தெருவின் ஒரு பக்கத்தில் 1968இல் ஜப்பான் வணிக வளாகம் எழுந்தது. எண்ணூறுக்கு மேற்பட்ட வணிக நிலையங்களும் நாலாயிரத்துக்கு மேற்பட்ட குடும்பங்களும் அப்பகுதியை விட்டு அகற்றப்பட்டன. பாப் சிட்டி இயங்கிய கட்டடமே பெயர்த்தெடுக்கப்பட்டு ஃபில்மோர் தெருவுக்கு நகர்த்தப்பட்டது.

இவ்விரு வரலாறுகளும் வெறும் அண்டை வீடுகள் அல்ல. 1965 டிசம்பர் 10 அன்று பில் கிரஹாம் ஃபில்மோர் ஆடிட்டோரியத்தில் தம் முதல் நிகழ்ச்சியை நடத்தினார். கிரேட்ஃபுல் டெட் அப்பெயரில் மேடையேறிய தொடக்க நிகழ்ச்சிகளுள் அதுவும் ஒன்று. அந்த அரங்கையும் அதற்கான உரிமத்தையும் வைத்திருந்தவர் சார்லஸ் சல்லிவன் என்ற கறுப்பின நிகழ்ச்சி அமைப்பாளர். ஜேம்ஸ் பிரவுன் முதலிய பெருங்கலைஞர்களை அவ்வரங்கிற்கு அழைத்து வந்தவர் அவர். அவர் விட்டுக்கொடுத்த உரிமத்தின் நிழலில்தான் கிரஹாம் தம் தொழிலைத் தொடங்கினார். 1966 ஆகஸ்டில் சல்லிவன் சுட்டுக் கொல்லப்பட்டார். அவ்வழக்கு துலங்கவில்லை. அடுத்த மாதமே விண்டர்லேண்டில் கிரஹாமின் ராக் நிகழ்ச்சிகள் தொடங்கின. இரண்டுக்கும் காரணகாரியத் தொடர்பு கற்பிக்க இடமில்லை. ஆயினும் ஃபில்மோர் என்ற பெயரைக் கேட்டதும் உலகம் யாரை நினைக்கிறது, யாரை நினைப்பதில்லை என்பதைக் காலவரிசையே உணர்த்தும்.

இங்கே இரண்டு காகிதங்களை அருகருகே வைக்கலாம். ஒன்று, 1974 அக்டோபர் 20ஆம் நாளின் நுழைவுச்சீட்டு. கடைசி என்று முத்திரையிடப்பட்ட அது சேகரிப்பாளர்களால் இன்றும் போற்றிப் பாதுகாக்கப்படுகிறது. மற்றொன்று, வீடிழந்த குடும்பங்களுக்கு மறுவளர்ச்சி முகமை வழங்கிய முன்னுரிமைச் சான்றிதழ். புதிய வீடுகள் எழும்போது திரும்பி வந்து குடியேற முன்னுரிமை உண்டு என்பது அதன் வாக்குறுதி. சான்றிதழ் பெற்றவர்களுள் மிகப் பெரும்பாலோர் திரும்பவில்லை. திரும்புவதற்கான வீடுகள் எழப் பல்லாண்டுகள் ஆயின. அதற்குள் மக்கள் சிதறிவிட்டனர். பலரின் முகவரியே முகமையிடம் இல்லாமற்போனது. ‘கடைசி’ என்று அச்சிட்ட காகிதம் சொன்னது நடக்கவில்லை, குழு திரும்பி வந்தது. ‘திரும்பலாம்’ என்று அச்சிட்ட காகிதம் சொன்னதும் நடக்கவில்லை, மக்கள் திரும்பி வரவில்லை.

இதனால் இசைக்குழுவையோ அதன் ரசிகர்களையோ குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது வரலாறாகாது. வீடுகளை இடித்தவர்கள் அவர்கள் அல்லர். ஒரு சமூகம் தன் மகிழ்ச்சியை இவ்வளவு கவனத்துடன் பேணியதில் பிழையும் இல்லை. ஆய்வாளர் கவனிக்க வேண்டியது ஆவண வளத்தின் ஏற்றத்தாழ்வு. பெரும்பாலும் வெள்ளையின இளைஞர்களைக் கொண்ட ரசிகர் கூட்டத்துக்குப் பதிவுக் கருவி வாங்கப் பணமும், ஊர் ஊராகப் பின்தொடர ஓய்வும், நாடாக்களைச் சேமிக்க வீடும் இருந்தன. வீடு பறிக்கப்பட்டவர்களுக்கு முதலில் தொலைவது அலமாரியும் அதிலுள்ள காகிதங்களுமே. ஆவணம் மிகுந்திருப்பதால் ஒரு வரலாறு பெரிதாகிவிடாது. ஆவணம் குறைந்திருப்பதால் இன்னொன்று சிறிதாகிவிடாது.

கச்சேரி வரலாறு எழுதுவோர் பொதுவாக மேடையிலிருந்து தொடங்கி வாசற்கதவோடு நிறுத்திவிடுவர். விண்டர்லேண்டின் கதவைத் திறந்து வெளியே பத்து நிமிடம் நடந்தால், அதே ஆண்டுகளில் நிகழ்ந்த இன்னொரு விடைபெறுதலைக் காணலாம். அதற்கு விருந்தில்லை, நேரலை இல்லை, நினைவுப் பதிப்பு இல்லை. 1978இன் கடைசி இரவில் உள்ளே தொங்கிய பதாகை ஒரு பாடல் ஒலிக்காத நாள்களை எண்ணியது. வெளியே, போஸ்ட் தெருவில் பாப் சிட்டி மூடப்பட்டுப் பதின்மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்த நாள்களை எண்ணும் பதாகை எதுவும் அங்கே தொங்கவில்லை. அதை எண்ணும் பொறுப்பு இன்று ஆய்வாளர்களுடையது.